விழுந்தால்தான் பறக்க வரும்!

பந்தய ட்ரோன் வாங்குகிறவர் ஒரு விஷயத்தை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். அது விழும்!

ஒரு தடவை அல்ல, பல தடவை விழும். மரத்தில் மோதும். சுவரில் முட்டும். புல்லில் புரளும். விழாத ட்ரோன் கடையின் கண்ணாடி அலமாரியில்தான் இருக்கும்.

ஆனால் பல வீடுகளில் நடப்பது என்ன?

பையன் ஆசைப்பட்டான் என்று வாங்கிக் கொடுக்கிறார்கள். முதல் நாளே அது விழுகிறது. இறக்கை ஒடிகிறது. "பணத்தைக் கரியாக்கிவிட்டாயே!" என்று வசவு கிடைக்கிறது. ட்ரோன் பரணுக்குப் போகிறது. பையனின் ஆசையும் கூடவே பரண் ஏறிவிடுகிறது.

இது சரி அல்ல. விழுவது குற்றம் அல்ல. விழும் என்று தெரியாமல் வாங்குவதுதான் தவறு.

முரட்டுக் குதிரை

கல்யாண வீட்டில் படம் எடுக்கும் ட்ரோனைப் பலரும் பார்த்திருப்பார்கள். அது சாதுவான பசு. கையை எடுத்துவிட்டாலும் அந்தரத்தில் அப்படியே நிற்கும். செயற்கைக் கோளின் உதவியால் அது தன் இடத்தைத் தெரிந்துகொள்கிறது.

பந்தய ட்ரோன் அப்படி அல்ல. அது முரட்டுக் குதிரை!

பந்தய முறையில் ஓட்டும்போது, ஒரு பக்கம் சாய்த்தால் சாய்ந்தே இருக்கும். ஓட்டுகிறவர்தான் அதை நிமிர்த்த வேண்டும். விசையைக் குறைத்தால் கல்லைப் போல விழும்.

அதன் உடம்பு எளிமையானது. பெருக்கல் குறி போன்ற ஒரு கார்பன் சட்டம். நான்கு முனையிலும் நான்கு மோட்டார்கள். ஒவ்வொன்றிலும் 5 அங்குல இறக்கை. நடுவில் சாய்வையும் திருப்பத்தையும் அளக்கும் மின்பலகை. முன்னால் ஒரு சிறு கேமரா.

கேமராவில் தெரியும் காட்சி, ரேடியோ அலையில் பறந்து வந்து, ஓட்டுகிறவரின் கண்ணாடிக்குள் தெரியும். தரையில் நிற்கிறவருக்கு, விமானத்தின் மூக்கில் உட்கார்ந்து பறப்பது போல இருக்கும். வேகமோ, மணிக்கு 100 கிலோ மீட்டரையும் தாண்டும். ஒரு பாட்டரி 3 நிமிடம் முதல் 5 நிமிடம் வரை தாங்கும். அவ்வளவுதான்.

15 வயதுச் சூரர்கள்

"இது பணத்துக்குப் பிடித்த கேடு. விளையாட்டுச் சாமான்தானே?" என்று சிலர் கேட்பார்கள்.

2016-ம் ஆண்டு மார்ச் மாதம் துபாயில் பெரிய ட்ரோன் பந்தயம் நடந்தது. முதல் பரிசு 2 லட்சத்து 50 ஆயிரம் டாலர். அதைத் தட்டிச் சென்ற குழுவின் ஓட்டி, இங்கிலாந்தைச் சேர்ந்த லூக் பானிஸ்டர். அப்போது அவருக்கு வயது 15!

2018-ம் ஆண்டு நவம்பரில் சீனாவில் உள்ள ஷென்சென் நகரில் உலகக் கோப்பைக்கு நிகரான பந்தயம் நடந்தது. சர்வதேச வான் விளையாட்டுச் சம்மேளனம் நடத்திய முதல் உலகச் சாம்பியன் போட்டி அது. வென்றவர் ஆஸ்திரேலியாவின் ரூடி பிரவுனிங். அவருக்கும் வயது 15!

எல்லாப் பிள்ளைகளும் உலகப் பந்தயத்துக்குப் போகப் போவது இல்லை. ஆனால் உடைந்த ட்ரோனைப் பழுது பார்க்கிற பிள்ளை, ஈயப் பற்றவைப்பு கற்றுக்கொள்கிறான். வோல்ட் என்றால் என்ன, ஆம்பியர் என்றால் என்ன என்று தெரிந்துகொள்கிறான். பாடப் புத்தகத்தில் படித்தது அவன் கையில் சுழல்கிறது. பரிசு வராவிட்டாலும் இந்தப் படிப்பு நிற்கும்.

முதலில் எங்கே விழுவது?

சுவிட்சர்லாந்தில் சூரிச் பல்கலைக் கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 'ஸ்விப்ட்' என்ற ட்ரோனைச் செய்தார்கள். அதை ஓட்டுவது மனிதர் அல்ல, கம்ப்யூட்டர் மூளை. 2022-ல் அது மூன்று சாம்பியன்களுடன் மோதிப் பல ஓட்டங்களில் அவர்களை வென்றது. 2023-ல் இந்தச் செய்தி 'நேச்சர்' அறிவியல் இதழில் வெளிவந்தது.

அந்த மூளை எங்கே பழகியது தெரியுமா? கம்ப்யூட்டருக்குள் உருவாக்கிய பொய்யான மைதானத்தில்! அங்கே மோதினால் மதிப்பெண் குறையும். இறக்கை ஒடியாது. பணம் போகாது.

புதிதாகப் பழகுகிறவருக்கும் இதுவே நல்ல வழி. ட்ரோன் ஓட்டிப் பழகுவதற்கென்றே 'வெலோசிட்ரோன்', 'லிப்ட்ஆப்' போன்ற கம்ப்யூட்டர் விளையாட்டுகள் இருக்கின்றன. உண்மையான ரிமோட்டையே கம்ப்யூட்டரில் மாட்டிப் பழகலாம். முதல் நூறு விழுகையும் அங்கே விழட்டும். செலவு இல்லை. காயம் இல்லை.

இரண்டாவது படி, உள்ளங்கை அளவுள்ள குட்டி ட்ரோன். எடை 30 கிராம் அளவுதான். இறக்கைகளைச் சுற்றி வளையம் இருக்கும். கூடத்திலேயே ஓட்டலாம். சுவரில் மோதினாலும் பெரும்பாலும் மறுபடி எழுந்து பறக்கும்.

மூன்றாவது படிதான் 5 அங்குல இறக்கை ட்ரோன். இதற்கு வெட்டவெளி வேண்டும். கீழே புல்லோ மண்ணோ இருக்க வேண்டும். சிமெண்டுத் தரை ஆகாது.

பலர் மூன்றாவது படியில் முதல் காலை வைக்கிறார்கள். அங்கேதான் பணம் போகிறது.

எது முதலில் உடையும்?

விழுந்தால் முதலில் போவது இறக்கை. அது நல்லதே! அதுதான் விலை குறைந்த சாமான். இறக்கை ஒடிந்து, மோட்டாரைக் காப்பாற்றுகிறது. அதனால் ட்ரோனோடு கூடவே கை நிறைய இறக்கைகள் வாங்கி வைக்க வேண்டும். இரண்டு இறக்கை வலம் சுற்றும், இரண்டு இடம் சுற்றும். மாற்றி மாட்டினால் கிளம்பும்போதே குப்புற விழும்.

அடுத்து ஒடிவது சட்டத்தின் கை. தனித்தனிக் கை உள்ள சட்டமாக இருந்தால் ஒடிந்ததை மட்டும் மாற்றலாம். ஒரே பலகையில் வெட்டிய சட்டமாக இருந்தால் முழுவதையும் மாற்ற வேண்டும். வாங்கும்போதே இதைப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

அதற்கும் அடுத்து ஆன்டெனா, கேமரா, மோட்டார்.

விழுந்த உடனே செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. மோட்டாரை நிறுத்தும் பொத்தானைத் தட்ட வேண்டும். இல்லாவிட்டால் புல்லில் சிக்கிய மோட்டார் சுற்ற முடியாமல் முக்கும். சூடேறிக் கருகும். ஒரு இறக்கையோடு போக வேண்டிய நஷ்டம், மோட்டாரும் மின்பலகையும் போவதில் முடியும்.

மலிவு எது?

விலைச் சீட்டைப் பார்த்து மலிவு என்று சொல்வது பாதி உண்மைதான். ரிமோட், கண்ணாடி, பாட்டரி, சார்ஜர், இறக்கை எல்லாம் சேர்ந்துதான் மொத்த விலை. ட்ரோன் மட்டும் மலிவாக வந்து, மற்றதெல்லாம் பிறகு வாங்க நேர்ந்தால் வீட்டுக் கணக்கு தள்ளாடும்.

உதிரிப் பாகம் கிடைக்காத ட்ரோன் எவ்வளவு மலிவாக இருந்தாலும் மலிவு அல்ல. முதல் விழுகையோடு அதன் ஆயுள் முடிந்துவிடும். ரிப்பேர் செய்ய முடிந்தால்தான் மலிவு!

கண் போனால் வராது

மோட்டார் போனால் வாங்கலாம். கண் போனால் வாங்க முடியுமா?

2015-ல் இங்கிலாந்தில் ஒரு துயரம் நடந்தது. ஒரு ட்ரோன் மரத்தில் உரசி நிலை தடுமாறியது. அதன் இறக்கை பட்டு ஒன்றரை வயதுக் குழந்தை ஒரு கண்ணை இழந்தது. ஓட்டியவர் எதிரி அல்ல, அந்தக் குடும்பத்தின் நண்பர்!

5 அங்குல இறக்கை நிமிடத்துக்கு 20 ஆயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும். அது கத்தி. வீட்டுக்குள் மோட்டாரைச் சோதிக்கும்போது இறக்கையைக் கழற்றிவிட வேண்டும். குழந்தைகள் விளையாடும் இடத்தில் ஓட்டவே கூடாது. கண்ணாடி அணிந்தவருக்கு அக்கம் பக்கம் தெரியாது. ஆகவே ஒருவர் பக்கத்தில் நின்று, ஆள் வருகிறதா, மாடு வருகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த வேலைக்கு அப்பா நல்லவர்.

பாட்டரியும் சாதாரணம் அல்ல. லித்தியம் பாட்டரி அடிபட்டால் தீப்பிடிக்கும். விழுந்த பிறகு அது உப்பியிருந்தாலோ, குத்துப்பட்டிருந்தாலோ மறுபடி சார்ஜ் செய்யக் கூடாது. ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது. சார்ஜ் ஏறும்போது ஆள் கூடவே இருக்க வேண்டும். இரவில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குவது, அடுப்பை எரியவிட்டுத் தூங்குவது போல.

சட்டமும் உண்டு

2021-ல் இந்திய அரசு ட்ரோன் விதிகளைக் கொண்டுவந்தது. 250 கிராம் வரை 'நானோ' வகை. அதற்கு மேல் 2 கிலோ வரை 'மைக்ரோ' வகை. குட்டி ட்ரோன் முதல் வகையில் வரும். 5 அங்குல ட்ரோன் பாட்டரியோடு பெரும்பாலும் இரண்டாவது வகையில் வரும். வானமும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கப்பட்டது. விமான நிலையத்துப் பக்கம் வேடிக்கை கூடாது.

2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்ய அரசு தடை விதித்தது. உதிரிப் பாகங்களுக்குத் தடை விதிக்கவில்லை. ஆகவே, வெளிநாட்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று முழு ட்ரோனுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பு, விதியை விசாரித்துக்கொள்வது நல்லது.

எதற்குத் திட்டுவது?

ஆகவே பெற்றோர் திட்ட வேண்டிய இடத்தில் திட்டட்டும்.

சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கினால் திட்டலாம். ஆள் நடமாடும் தெருவில் பறக்கவிட்டால் திட்டலாம். இறக்கையைக் கழற்றாமல் கூடத்தில் மோட்டாரை ஓட்டினால், ட்ரோனைப் பிடுங்கியே வைக்கலாம்.

ஆனால் வெட்டவெளியில், ஆள் இல்லாத இடத்தில், முறையாக ஓட்டி விழுந்தால்? ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டாம். ஸ்குரூ டிரைவரை எடுத்துக் கொடுத்தால் போதும்.

நடக்கப் பழகும் குழந்தை விழுந்தபோது யாரும் திட்டவில்லை. சைக்கிள் பழகியவன் முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்தபோது மருந்து போட்டார்கள். பறக்கப் பழகுகிறவனுக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?