ஒரு வேளைச் சோறு போதுமா?

நன்றிக்கு எடுத்துக்காட்டாக நாயைச் சொல்லாதவர் இல்லை. ஆனால் அந்த நன்றியுள்ள பிராணிக்கு நாளைக்கு எத்தனை வேளை ஆகாரம் கொடுக்க வேண்டும் என்று கேட்டால், "நாய்க்கென்ன, ராத்திரி மிச்சம் மீதியைப் போட்டால் போதும்" என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது தவறென்று ஓர் உயிர் போன பிறகே கற்றுக்கொண்டேன்.

எட்டாம் வகுப்புப் படிக்கும்போது, தெருமுனையில் தள்ளாடி நடந்துகொண்டிருந்த ஒரு குட்டியைத் தூக்கி வந்தேன். மணி என்று பெயரிட்டேன். காலையில் ஒரு கிண்ணம் பசும்பால் வைத்துவிட்டுப் பள்ளிக்கு வந்துவிடுவேன். பகலில் வீட்டில் யாரும் இல்லை. இரவில் வயிறு புடைக்கப் பால்சோறு. மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கு கண்டது. ஐந்தாம் நாள் மருத்துவரிடம் கொண்டுபோனபோது காலம் கடந்துவிட்டது. "இதன் தாய் எங்கே?" என்று மட்டும் அவர் கேட்டார். நான் தலைகுனிந்து நின்றேன். தாய் எங்கள் தெருவில்தான் குட்டியைத் தேடிக்கொண்டிருந்தது.

அதன் பிறகே விவரங்களைக் கேட்டறிந்தேன். பிறந்து மூன்று, நான்கு வாரம் வரை குட்டிக்குத் தாய்ப்பாலே உணவு. பின்பு மெல்லக் குழைந்த உணவுக்குப் பழகும். எட்டு வாரம் வரை தாயிடமே இருப்பது நல்லது. நாயின் பாலில் பசும்பாலைவிடக் கொழுப்பும் புரதமும் அதிகம். பால் சர்க்கரை குறைவு. ஆகவேதான் பசும்பால் பல குட்டிகளுக்குச் செரிப்பதில்லை.

பால் மறந்த குட்டிக்கு 3 மாதம் வரை நாளைக்கு 4 வேளை, 6 மாதம் வரை 3 வேளை, அதன்பின் காலையும் மாலையுமாக 2 வேளை உணவு வேண்டும். குட்டியின் வயிறு சிறியது. வளரும் உடலின் தேவையோ பெரியது. நெடுநேரம் பட்டினி கிடந்தால் இரத்தத்தில் சர்க்கரை குறைந்து துவண்டுவிடும். வளர்ந்த பெரிய நாய்க்கும் முழு நாள் உணவை ஒரே வேளையில் கொட்டினால், வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து கூடுகிறது. சுத்தமான தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். மிச்சம் மீதியில் வரும் வெங்காயமும், வெந்த கோழி எலும்பும் நாய்க்கு ஆகாதவை.

"மனிதனுக்கே மூன்று வேளை கிடைக்காதபோது நாய்க்கு நாலு வேளையா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நாலு வேளை என்பது நாலு மடங்கு உணவு அல்ல. ஒரு நாளைய உணவை நாலாகப் பிரிப்பதே. இங்கே செலவாவது அரிசி அல்ல, நம் நேரம். அந்த நேரத்தைத் தர முடியாதவர்கள் குட்டி வளர்க்க ஆசைப்படக் கூடாது என்பதே என் கருத்து. பகலில் ஆள் இல்லாத வீட்டார், ஆறு மாதம் கடந்த நாயை வளர்க்கட்டும். நம் நாட்டின் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டமும், வளர்க்கும் பிராணிக்குப் போதிய உணவும் நீரும் கொடுக்காமலிருப்பதைக் கொடுமை என்றே சொல்கிறது.

அன்புத் தோழியரே! தெருவில் அழகான குட்டியைக் கண்டால் தூக்கிவிடாதீர்கள். அதன் தாய்க்குச் சோறு போடுங்கள். பால் கொடுக்கும் நாய்க்கு வழக்கத்தைவிட இரண்டு, மூன்று மடங்கு உணவு தேவை. தாய்க்குப் போடும் சோறே குட்டிகளுக்குப் பாலாகிறது.

மணியின் தாய் இன்றும் காலை ஏழு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் எங்கள் வாசலில் வந்து நிற்கிறது. கடிகாரம் பார்க்கத் தெரியாத அந்த வாயில்லா ஜீவன் நேரம் தவறுவதில்லை. நான் தவறலாமா?

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி