சங்கத்து ஆள் சபைக்குப் போனால்



தேர்தல் நேரத்தில் பச்சைத் துண்டு போட்டுக்கிட்டு வரப்பில் நின்று போட்டோ எடுக்காத கட்சிக்காரர் உண்டா? ஓட்டு எண்ணி முடிந்ததும் அந்தத் துண்டு எங்கே போகிறதென்று நமக்குத் தெரியும். ஆகவே, சங்கத்திலிருந்தே அரசியலுக்குப் போனவர்களைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

நம்ம ஜனங்கள் கட்டட வேலைக்காக பஸ்ஸில் வந்து இறங்குகிற திருவான்மியூரிலிருந்து கடலோரமாகவே வடக்கே போனால் திருவல்லிக்கேணி. 1923 மே 1 அன்று அந்தக் கடற்கரையிலும் ஐகோர்ட் எதிர்க் கடற்கரையிலும் இந்தியாவின் முதல் மே தினத்தை நடத்தியவர் சிங்காரவேலர். மீனவர் குலத்தில் பிறந்த வக்கீல். 1921-ல் கோர்ட்டுத் தொழிலை உதறியவர். அன்று அவர் தொடங்கிய கட்சியின் பெயரைக் கவனியுங்கள்: லேபர் கிசான் கட்சி. கிசான் என்றால் விவசாயி. மில் தொழிலாளியையும் ஏர் பிடிப்பவனையும் ஒரே பெயரில் சேர்த்துக் கட்டினார். சென்னை மாநகராட்சி உறுப்பினரும் ஆனார். நாற்காலி கிடைத்ததென்று உட்கார்ந்துவிட்டாரா? 1928-ல் தென்னிந்திய ரயில்வே ஸ்டிரைக்கில் இறங்கினார். வயது 68. தண்டனை பத்து வருஷம்! அது பிறகு குறைக்கப்பட்டு 1930-ல் வெளியே வந்தார். சென்னை கலெக்டர் ஆபீஸுக்கு இன்று அவர் பெயர்தான். மனுவோடு போகிறவர்கள் வாசலில் நின்று அந்தப் பெயரைப் படித்துவிட்டுப் போங்கள்.

ஆஸ்திரேலியாவில் சிஃப்லி என்றொரு ரயில் டிரைவர். 1917 ஸ்டிரைக்கில் வேலை போனது. அவரே 1945-ல் பிரதமர்! அங்கே மட்டும் எப்படி? 1891-ல் குயின்ஸ்லாந்தில் ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கூலிக்காரர்கள், நம்மைப் போல பட்டிக்காட்டு ஜனங்கள்தான், ஸ்டிரைக் செய்து தோற்றார்கள். தோற்றும் சங்கத்தை விடவில்லை. சங்கத்து ஆளையே தேர்தலில் நிறுத்தினார்கள். எட்டே வருஷத்தில் அங்கே தொழிலாளர் ஆட்சி. ஒரு வாரத்தில் அது கவிழ்ந்தது, அது வேறு விஷயம். கட்சி முடிவுப்படியே சபையில் ஓட்டளிப்பேன் என்று எழுதிக் கொடுத்தால்தான் அங்கே சீட்டு. பிடி இவர்கள் கையில் இருந்தது.

நம்ம நாராயணசாமி நாயுடுவுக்கு வருவோம். மின்கட்டணத்தில் ஒரு பைசா குறைக்கக் கேட்டு 1970-ல் பெருமாநல்லூரில் மூன்று உயிர் துப்பாக்கிக்குப் பலி. 1972-ல் மாட்டு வண்டிகள் கோவையை மறித்தன. ஒரு எம்.எல்.ஏ. கூட இல்லாமல்தான் அரசைப் பேச்சுக்கு இறங்கி வர வைத்தது சங்கம். 1982-ல் அவர் கட்சி கண்டார். வண்டி கட்டி ஒன்றாய் வந்த ஜனம் ஓட்டுச் சாவடியில் பல சின்னங்களாய்ப் பிரிந்து நின்றது. 1984-ல் அவரும் போய்விட்டார்.

இனி ஆதரவு கேட்டு யார் வந்தாலும், அவர் நம்ம சங்கத்துக்காரராகவே இருந்தாலும், ஒரு தாளை நீட்டுவோம். நெல்லுக்கும் கரும்புக்கும் கட்டுப்படியான விலை, ஆலை நிலுவை, ஏரி மதகு, எல்லாம் அதில் இருக்கட்டும். மூன்று மாசத்துக்கு ஒருமுறை கிளைக் கூட்டத்துக்கு வந்து கணக்குச் சொல்வேன் என்று கையெழுத்துப் போடட்டும்.

கிளைகள் இப்போதே கூடித் தாளைத் தயார் செய்யுங்கள். அப்படியே சந்தா பாக்கியையும் கட்டிவிடுங்கள்.