'டிஃபெக்ட்' என்றதும் நகையைக் கழற்றலாமா?

"சார், இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன்..." பெரிய கவரோடு வந்து நின்றார் பக்கத்து வீட்டுக்காரர். வயது 58. மாடி ஏறினால் நெஞ்சை அழுத்துகிறது என்று போனவருக்கு நியூக்ளியர் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் எடுத்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பேச்சில் 'தாலியம் டெஸ்ட்'. ரிப்போர்ட்டில் 'ரிவர்சிபிள் டிஃபெக்ட்' என்று ஒரு வரி. அவ்வளவுதான், வீட்டில் அன்று அடுப்பே எரியவில்லை. அவர் மனைவி, அடகு வைக்க வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டார்!

என் ஆதங்கம் இதுதான். ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு படம் பிடிப்பவர்கள், ஐந்து நிமிஷம் உட்கார வைத்து தமிழில் விளக்கினால் என்ன?

விஷயம் அப்படியொன்றும் கஷ்டமில்லை. கதிரியக்க மருந்தைத் துளியளவு ஊசியில் ஏற்றுகிறார்கள். இப்போது பெரும்பாலும் டெக்னீசியம். அதன் வீரியம் 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும். ரத்தம் பாயும் இடத்திலெல்லாம் இதயத் தசை அந்த மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். டிரெட்மில்லில் நடக்க வைத்து ஒரு படம், ஓய்வில் ஒரு படம். நடக்க முடியாதவர்களுக்கு மருந்து கொடுத்து எடுப்பார்கள். இரண்டையும் ஒப்பிடுவதுதான் டெஸ்ட்.

ஓய்வில் சரியாக இருக்கும் இடம், உழைப்பில் மட்டும் மங்கினால் 'ரிவர்சிபிள்'. வேலை கூடும்போது அங்கே ரத்தம் போதவில்லை. ஆனால், தசை உயிரோடுதான் இருக்கிறது. இரண்டிலும் மங்கினால் 'ஃபிக்ஸட்'. பெரும்பாலும் பழைய ஹார்ட் அட்டாக்கின் தழும்பு.

அடுத்தது 'இ.எஃப்.'. ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் இடது கீழறை எத்தனை சதவிகித ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு. 55 என்று பார்த்துவிட்டு, "ஐயோ, ஜஸ்ட் பாஸா?" என்று பதறுகிறவர்கள் உண்டு. இது பரீட்சை மார்க் இல்லை! யாருக்கும் 100 வராது. 50-க்கு மேல் இருந்தால் பொதுவாக நல்லதுதான்.

படமும் சில சமயம் ஏமாற்றும். பெண்களுக்கு மார்பகத்தின் நிழலும், ஆண்களுக்கு உதரவிதானத்தின் நிழலும் குறைபாடு போலத் தெரியலாம். மாறாக, மூன்று முக்கிய ரத்தக் குழாய்களிலும் ஒரே அளவு அடைப்பு இருந்தால், ஒப்பிட நல்ல இடமே இல்லாமல் படம் 'நார்மல்' போலக் காட்டிவிடலாம்.

சரி, டிஃபெக்ட் என்றால் உடனே ஸ்டென்ட்டா? 2020-ல் வெளியான 'இஸ்கீமியா' ஆய்வில் 5,179 பேர் பங்கேற்றார்கள். டெஸ்ட்டில் மிதமான அல்லது கடுமையான குறை தெரிந்தும், நிலைமை சீராக இருந்தவர்கள். முதலிலேயே ஆஞ்சியோ, ஸ்டென்ட், பைபாஸ் என்று போனவர்களுக்கும், மாத்திரையோடு ஆரம்பித்தவர்களுக்கும் மரணம், ஹார்ட் அட்டாக் விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. நெஞ்சு வலி குறைந்ததில் மட்டும் முதல் பிரிவினருக்கு லாபம்.

இதைப் படித்துவிட்டு, "பார்த்தியா, ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்று உட்கார்ந்துவிடாதீர்கள். இடது பிரதானக் குழாயில் அடைப்பு உள்ளவர்களுக்கும், இதயம் ரொம்ப பலவீனமானவர்களுக்கும் இந்த முடிவு பொருந்தாது. ஓய்வில் இருக்கும்போதே வலி வந்தால், ரிப்போர்ட்டைப் புரட்டாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

'நார்மல்' என்று வந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது பஜ்ஜிக்கும் சிகரெட்டுக்கும் கிடைத்த லைசென்ஸ் இல்லை. குழாயில் கொழுப்பே படியவில்லை என்று அந்த டெஸ்ட் சொல்லவில்லை.

டாக்டரிடம் நாலே கேள்வி கேளுங்கள். பாதிப்பு எவ்வளவு பெரிய இடத்தில்? லேசானதா, கடுமையானதா? இ.எஃப். எவ்வளவு? முதலில் மாத்திரையில் சமாளிக்கலாமா? கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கம் வேண்டாம். இதயம் உங்களுடையது!

பக்கத்து வீட்டுக்காரரும் கேட்டார். சின்ன இடம்தானாம். மாத்திரை, நடைப்பயிற்சி, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றாராம் டாக்டர். வளையல்கள் மறுபடி கைக்குப் போய்விட்டன.