கருப்பனுக்கு ஐயாயிரம் வயது எதற்கு?

சித்திரை பிறந்தால் மதுரையில் ஏதாவது ஒரு மேடையில் இந்தப் பேச்சு ஒலித்துவிடுகிறது. "கருப்பனும் முனியும் ஐயாயிரம் ஆண்டாக ஒரு துளியும் மாறாத ஆதி சமயம். ஐரோப்பாவிலும் இதே சமயம் இருந்தது. சர்ச் அதை எரித்தது. இன்று விக்கா என்ற பெயரில் அது மீண்டு எழுந்திருக்கிறது. நாமும் அவர்களும் ஒரே தாய்த்தெய்வத்தின் பிள்ளைகள்." பல வருடமாகக் கேட்டுப் பொறுமை போய்விட்டது. இந்த வருடம் தல்லாகுளத்தில் அழகரை வரவேற்கும் எதிர்சேவைக்குக் கூட்டம் சேர்ந்த நேரத்தில் ஒருவர் இதையே முழங்கினார். கூட்டமும் கைதட்டியது.

விக்காவை முதலில் முடித்துவிடலாம். 1921இல் மார்கரெட் மர்ரே என்ற எகிப்தியல் அறிஞர், சூனிய வழக்குப் பதிவுகளிலிருந்து தமக்குத் தோதான வரிகளை மட்டும் பொறுக்கி, ஐரோப்பாவில் ஒரு ரகசிய ஆதி சமயம் இருந்ததாக எழுதினார். இங்கிலாந்தின் சூனியச் சட்டம் 1951இல் நீங்கியது. அதன் பிறகு 1954இல், விக்காவைத் தொடங்கிய ஜெரால்டு கார்ட்னர், மர்ரே சொன்ன அந்தச் சமயம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று ஒரு நூல் வெளியிட்டார். இலங்கையில் தோட்ட வேலையும் மலாயாவில் சுங்க வேலையும் பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். அவருடைய சடங்கு ஏட்டில் மந்திரவாத எழுத்தாளர் அலீஸ்டர் குரோலியின் வரிகள் கிடப்பதை அவருடைய சீடர் டோரீன் வேலியன்டியே கண்டுகொண்டு திருத்தி எழுதினார். வரலாற்றாசிரியர் ரொனால்டு ஹட்டன் 1999இல் இந்த வரலாற்றை முழுதாக விரித்துக் காட்டினார். விக்காக்காரர்களில் பலர் இதை ஏற்றுக்கொண்டு நாளாகிறது. அவர்களே இறக்கி வைத்ததை நாம் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும்?

சர்ச் எரித்த கதைக்குச் சொல்லப்படும் "தொண்ணூறு லட்சம் பெண்கள் எரிக்கப்பட்டார்கள்" என்பது 18ஆம் நூற்றாண்டின் தவறான கணக்கு. இன்றைய ஆய்வாளர்கள் சொல்வது நாற்பதாயிரம் முதல் அறுபதாயிரம் வரை. அதில் ஆண்களும் உண்டு.

ஐயாயிரம் ஆண்டுக்குச் சான்றாகக் கீழடி அகழாய்வைக் காட்டுகிறார்கள். கீழடியில் கருப்பன் கிடைக்கவில்லை.

என்னைக் கொதிக்க வைப்பது "ஒரு துளியும் மாறாத" என்பதுதான். அழகர்கோயில் பெருமாளான அழகர் ஆற்றில் இறங்குவதையே எடுத்துக்கொள்வோம். திருமலை நாயக்கருக்கு (1623–1659) முன்பு மீனாட்சி கல்யாணம் மாசியில் நடந்தது. அழகர் தேனூருக்குப் போய் வைகையில் இறங்கி மண்டூக முனிவரின் சாபத்தைத் தீர்த்துவந்தார். இரண்டு விழாக்களையும் சித்திரையில் இணைத்தது நாயக்கர் அரசு. தங்கச்சி மீனாட்சியின் கல்யாணத்துக்குப் பிந்தி வந்து, ஊருக்குள் நுழையாமல் ஆற்றோடு கோபித்துத் திரும்பும் அண்ணன் கதைக்குக் கோயில் சடங்கில் இடமே இல்லை. தாரை வார்க்க வருகிறவர் திருப்பரங்குன்றத்துப் பவளக்கனிவாய்ப் பெருமாள். அப்படியானால் அண்ணன் கோபத்தை யார் சேர்த்தார்கள்? வண்டி கட்டிக்கொண்டு வந்த ஜனங்கள் சேர்த்தார்கள். அரசன் தேதியை மாற்றினான். அந்தத் தேதிக்குள் ஜனங்கள் தங்கள் வீட்டுக் கல்யாணச் சண்டையையும் சீர்வரிசையையும் வைத்து, விழாவையே தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். இதெல்லாம் நானூறு ஆண்டுக்குள் நடந்த படைப்பு. அழகர் வண்டியூரில் துலுக்க நாச்சியார் வீட்டில் இராத் தங்குகிறார் என்றும் அதே ஜனங்கள்தான் சொல்கிறார்கள். தில்லித் தளபதி மாலிக் கபூர் மதுரைக்குப் படையோடு வந்தது 1311இல். பிறகு இங்கே சுல்தான்கள் ஆண்டார்கள். அழிவும் அச்சமும் கண்ட ஊர், அந்த நினைவிலிருந்து தன் சாமிக்கு ஒரு முஸ்லிம் மனைவியைக் கொடுத்திருக்கிறது! இதை ஐயாயிரம் ஆண்டுக்கு முன்னால் தள்ளினால் துலுக்க நாச்சியாரை எங்கே வைப்பீர்கள்? தொ. பரமசிவன் 'அழகர் கோயில்' ஆய்வில் ஒவ்வொரு சாதியும் இந்தக் கோயிலோடு எப்படி உறவு கட்டிக்கொண்டது என்று ஊர் ஊராகக் கேட்டு எழுதினார். மேடையில் அவர் பெயரைச் சொல்கிறவர்கள் அந்த நூலைத் திறந்திருந்தால் இப்படிப் பேசமாட்டார்கள்.

அழகர்கோயிலைக் காக்கும் பதினெட்டாம்படிக் கருப்பன் மலையாள நாட்டிலிருந்து மந்திரவாதிகளோடு வந்தவர் என்றுதான் அவர் கதையே சொல்கிறது. அவருக்குப் படைக்கும் சுருட்டும் வெளியிலிருந்து வந்ததுதான். புகையிலை போர்ச்சுகீசியர் கப்பலில் இந்தியாவுக்கு வந்த அமெரிக்கச் செடி. மீனாட்சி கோயில் கோபுர வாசலில் நிற்கும் மதுரை வீரன் கதை நடப்பது நாயக்கர் மதுரையில். தாய்த்தெய்வம் என்கிறார்கள். கருப்பனும் முனியும் வீரனும் ஆண் சாமிகள்.

"மாறாதது" என்று சொல்லும்போது புரவி செய்த வேளார், கதையைப் பாட்டாக்கிய கோடாங்கி, புது வேண்டுதலுக்குப் புது முறை கண்ட சாமியாடி எல்லாரும் காணாமல் போகிறார்கள். ஏதோ ஆதியில் கிடைத்ததை அப்படியே கடத்தியவர்களாகத்தான் அவர்கள் மிஞ்சுகிறார்கள். அவர்களுக்கு இது பெரிய அநியாயம்.

கடைசியாக ஒரு வாதம் வைப்பார்கள்: வயதைக் குறைத்தால் பெரிய கோயில்காரர்கள் நம் சாமியை மட்டம் தட்டுவார்களாம். மீனாட்சி கோயிலில் இன்று நாம் காண்பதில் பெரும்பகுதி நாயக்கர் காலத்துக் கட்டுமானம். புது மண்டபத்தைக் கட்டியதும் விழாத் தேதியை மாற்றிய அதே திருமலை நாயக்கர்தான். அதற்காக மீனாட்சியை யாரும் புதுசு என்று தள்ளிவிடவில்லையே. கருப்பனுக்கு மட்டும் ஐயாயிரம் ஆண்டுச் சான்றிதழ் எதற்கு?