எட்டு சிறியதா, பத்து பெரியதா?

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு இப்போது அமெரிக்காவிலும் ஒரு கிளை உண்டு. பிள்ளைகள் அந்நாட்டின் தென்கிழக்கு மாநிலங்களில் இருந்தால், செப்டம்பர் முதல் டிசம்பர் வரை சனிக்கிழமைகளில் அவர்களிடம் ஃபோனில் நிதானமாகப் பேச முடியாது. அன்று கல்லூரி ஃபுட்பால் நாள். அங்கே அது நம்மூர்த் தேர்த் திருவிழாவுக்குச் சமம்.

என் மகன் அட்லாண்டாவில் இருக்கிறான், ஜார்ஜியா கட்சி. மாப்பிள்ளை ஹண்ட்ஸ்வில்லில் இருக்கிறார், அலபாமா கட்சி. இருவருக்கும் ஓயாத வழக்கு ஒன்று உண்டு. அவர்களுடைய 'தென்கிழக்கு கான்ஃபரன்ஸ்' என்னும் கல்லூரிக் கூட்டமைப்பில் இதுவரை வந்த தடுப்பு அணிகளில் தலைசிறந்தது எது? 2011ஆம் ஆண்டு அலபாமாவா, 2021ஆம் ஆண்டு ஜார்ஜியாவா? "மாமா, எட்டு பத்தைவிடச் சிறியதுதானே? இதில் என்ன வாதம்?" என்பது மாப்பிள்ளையின் கேள்வி. கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கணக்கு நியாயமானதா என்பதைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. ரயில்வேயில் பாலப் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் அதை இங்கே சொல்கிறேன்.

முதலில் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. இது நாம் அறிந்த கால்பந்து அல்ல. பந்து முட்டை வடிவம். பெரும்பாலும் கையில்தான் இருக்கும். மைதானம் 100 கெஜ நீளம். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் 10 கெஜம் முன்னேறினால் மறுபடியும் நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டினால் 6 புள்ளி. அதற்கு டச்டவுன் என்று பெயர். கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்துச் செலுத்தினால் 3 புள்ளி.

இந்நாளில் ஒவ்வொரு கல்லூரிக்கும் தாக்குவதற்கு 11 பேர், தடுப்பதற்கு வேறு 11 பேர். தடுப்பவர்களின் வேலையைப் புரிந்துகொள்ள நம் சடுகுடுவை நினைத்துக்கொண்டால் போதும். பாடி வருகிறவனைச் சேர்ந்து மடக்குவது போல, பந்தோடு ஓடுகிறவனை மடக்கிக் கீழே தள்ள வேண்டும். எறியப்படும் பந்தைத் தட்டிவிட வேண்டும். முடிந்தால் பிடுங்கிக்கொள்ள வேண்டும்.

இவர்களுக்குப் புகழ் குறைவு. ஆண்டுதோறும் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கு வழங்கும் ஹைஸ்மன் கோப்பை 1935 முதல் இருக்கிறது. முதன்மையாகத் தடுப்பாட்டக்காரராக இருந்து அதைப் பெற்றவர் ஒருவர்தான்: 1997இல் மிச்சிகனின் சார்ல்ஸ் உட்சன். 2024இல் பெற்ற கொலராடோவின் டிராவிஸ் ஹண்டர் இரண்டு பக்கமும் ஆடியவர். நம் இருப்புப்பாதையில் தினமும் பல மைல் நடந்து, தளர்ந்த சாவிகளைத் தட்டி இறுக்கிக்கொண்டு போகும் கீமேன் ஞாபகத்துக்கு வருகிறார். அவர் வேலை சரியாக நடந்தால் எதுவுமே நடக்காது. எதுவும் நடக்காத ஒன்றை யார் பாராட்டுவார்கள்? கடைசியில் தடுப்பாட்டக்காரருக்கு மிஞ்சும் சான்றிதழ் ஓர் எண்தான்: ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக எத்தனை புள்ளி விட்டுக்கொடுத்தார்கள் என்பது. அந்த ஒரே சான்றிதழையாவது சரியாகப் படிக்க வேண்டாமா?

கான்ஃபரன்ஸ் 1932 டிசம்பரில் 13 கல்லூரிகளுடன் அமைந்தது. டெக்ஸஸும் ஓக்லஹோமாவும் 2024இல் சேர்ந்தபின் இப்போது 16 உறுப்பினர்கள். இவ்வளவு நீண்ட சரித்திரத்தில், எண்ணை மட்டும் பார்த்தால் வழக்கே இல்லை. 1939ஆம் ஆண்டு டென்னஸிக்கே முதலிடம். அந்த அணி லீக் பருவத்தில் 10 ஆட்டங்கள் ஆடியது. எடுத்த புள்ளிகள் 212, கொடுத்தவை பூஜ்யம். அதற்குப் பின் எந்தப் பெரிய கல்லூரி அணியும் இதைச் செய்ததில்லை. அதன் பயிற்சியாளர் ராபர்ட் நேலண்ட் அமெரிக்க ராணுவத்தின் பொறியியல் பிரிவைச் சேர்ந்தவர் என்பதில் எனக்குக் கொஞ்சம் தொழில் பெருமையும் உண்டு.

ஆனால் அந்தக் காலத்து ஆட்டம் வேறு. தாக்கியவர்களும் தடுத்தவர்களும் அதே ஆட்கள்தான். பந்து வானில் பறந்ததைவிடத் தரையில் ஓடியதே அதிகம். 1940 ஜனவரி 1 அன்று கலிபோர்னியாவில் நடந்த ரோஸ் பௌல் ஆட்டத்தில், மேற்குக் கரையிலிருந்து வந்த தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் அவர்களை 14-0 என்று வென்றது. பூஜ்யம் பொய்யல்ல, அந்தப் பூஜ்யத்தின்மேல் ஏறிய சுமை எவ்வளவு என்பதுதான் கேள்வி.

பாலம் கட்டுகிறவர்களுக்கு இது பழகிய விஷயம். நம் அகலப்பாதைப் பாலங்களுக்கான சுமைத் தரம் 1926இல் ஒன்றாக இருந்தது, 1975இல் மாறியது, 1987இல் மறுபடியும் மாறியது. எஞ்சின்களும் வேகன்களும் கனமாகிக்கொண்டே வந்ததுதான் காரணம். வண்டி ஓடும்போது கேர்டர் எவ்வளவு கீழே வளைகிறது என்று அளப்போம். ஒன்று 8 மில்லிமீட்டர், மற்றொன்று 10 மில்லிமீட்டர் என்றால், எட்டுதான் உறுதியான கேர்டர் என்று யாரும் உடனே எழுதிவிட மாட்டார்கள். "எந்த எஞ்சினை ஓட்டிப் பார்த்தீர்கள்?" என்று கேட்பார்கள். ஃபுட்பாலிலும் அதைத்தான் கேட்க வேண்டும் என்கிறேன்.

இப்போது இரண்டு அணிகளுக்கும் வருவோம். மாப்பிள்ளையின் 2011 அலபாமா சாமானியமானது அல்ல. ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 8.2 புள்ளி, 183.6 கெஜம். அதில் ஓடிப் பெற்றது 72.2 கெஜம், எறிந்து பெற்றது 111.5 கெஜம். இந்த நான்கு கணக்கிலும் அவ்வாண்டு நாட்டிலேயே முதலிடம். 1986இல் ஓக்லஹோமா செய்தபின் வேறு யாரும் செய்யாதது இது. அவ்வாண்டு நவம்பர் 5 அன்று லூசியானாவின் எல்.எஸ்.யு. அணியிடம் கூடுதல் நேரத்தில் 9-6 என்று தோற்றார்கள். இரண்டு பக்கமும் ஒரு டச்டவுன்கூட விழவில்லை. 2012 ஜனவரி 9 அன்று நியூ ஆர்லியன்ஸில் நடந்த தேசிய இறுதி ஆட்டத்தில் அதே எல்.எஸ்.யு.வை 21-0 என்று வென்றார்கள். எல்.எஸ்.யு. அன்று எடுத்தது மொத்தம் 92 கெஜம். மைதானத்தின் நடுக்கோட்டைத் தாண்டியது ஒரே ஒரு தடவை.

ஆனால் அந்த எல்.எஸ்.யு. ஓட்டத்தையும் தன் தடுப்பையும் நம்பிய அணி. பந்தை எறிவதில் பெரிய சூரர்கள் அல்லர். பழகாத சுமை வந்தபோது அலபாமாவும் ஆடிப்போனது. நவம்பர் 19 அன்று, கீழ்ப்பிரிவைச் சேர்ந்த ஜார்ஜியா சதர்ன் கல்லூரி, பந்து யார் கையில் போகிறது என்று கடைசி நொடிவரை மறைக்கும் பழைய பாணி ஓட்ட முறையைக் கையாண்டது. அலபாமா 45-21 என்று வென்றது. ஆனால் ஓட்டத்தில் 300 கெஜத்துக்கு மேல் கொடுத்தது. சராசரி 72 உள்ள அணி!

2021 ஜார்ஜியாவின் சராசரி 10.2 புள்ளி. 15 ஆட்டங்களில் 153 புள்ளி. இந்த எண்ணைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதல் 12 ஆட்டங்களில் கொடுத்தது 83 புள்ளிதான். சராசரி ஏழுக்கும் குறைவு. மூன்று ஆட்டங்களில் எதிரணிக்குப் பூஜ்யம். செப்டம்பர் 4 அன்று கிளெம்சனுடன் நடந்த முதல் ஆட்டத்தை 10-3 என்று வென்றார்கள். அதில் விழுந்த ஒரே டச்டவுனையும் எதிரியின் பந்தைப் பிடுங்கி ஓடிய ஒரு தடுப்பாட்டக்காரரே எடுத்தார்.

பிறகு வந்தது டிசம்பர் 4. அட்லாண்டாவில் கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டம். எதிரே அலபாமா. அவர்களுடைய பிரைஸ் யங் அன்று 421 கெஜம் எறிந்தார். சில நாள் கழித்து ஹைஸ்மன் கோப்பையும் அவருக்கே கிடைத்தது. ஜார்ஜியா 24-41 என்று தோற்றது. என் மாப்பிள்ளை மட்டுமல்ல, இன்னும் பலர் அந்த 41ஐக் காட்டித்தான் ஜார்ஜியாவைத் தள்ளிவிடுகிறார்கள்.

அந்த 41இல் ஒரு டச்டவுன், ஜார்ஜியாவின் தாக்கும் அணி எறிந்த பந்தை அலபாமாக்காரர் பிடுங்கிக்கொண்டு ஓடி எடுத்தது. தடுப்பு அணி அப்போது மைதானத்திலேயே இல்லை. ஆனாலும் அது தடுப்பின் கணக்கில்தான் ஏறுகிறது. இது அலபாமாவுக்கும் பொருந்தும்: ஜார்ஜியா சதர்ன் எடுத்த 21இல் ஒரு டச்டவுன், அலபாமா உதைத்த பந்தை எடுத்துத் திரும்ப ஓடி வந்தது. சராசரிப் புள்ளி என்பது முழு அணியின் கணக்கு. பழியை மட்டும் ஒரு பிரிவின் தலையில் எழுதிவிடுகிறோம்.

தோல்விக்கு 37 நாள் கழித்து, 2022 ஜனவரி 10 அன்று இண்டியானாபோலிஸில் தேசிய இறுதி ஆட்டம். அதே அலபாமா, அதே பிரைஸ் யங். இடையில் மிச்சிகனுக்கு 11 புள்ளி மட்டுமே கொடுத்துவிட்டு வந்திருந்த ஜார்ஜியா, இந்தத் தடவை அலபாமாவை 18இல் நிறுத்தியது. 33-18. கடைசியில் யங் எறிந்த பந்தைக் கீலீ ரிங்கோ என்ற தடுப்பாட்டக்காரர் பிடுங்கி, 79 கெஜம் ஓடி டச்டவுன் எடுத்து ஆட்டத்தை முடித்தார். 1980க்குப் பின் ஜார்ஜியாவுக்கு அதுதான் முதல் தேசியப் பட்டம். அலபாமாவின் முக்கியப் பந்து பிடிப்பாளர்களில் ஒருவர் முதல் ஆட்டத்திலும் மற்றொருவர் இரண்டாம் ஆட்டத்திலும் காயம்பட்டு வெளியேறியது உண்மை. அதைக் கழித்துத்தான் எடை போட வேண்டும். கழித்த பிறகும் மிச்சம் நிறைய இருக்கிறது.

இதில் வேடிக்கை ஒன்று. 2011இல் நிக் சேபனின் கீழ் அலபாமாவின் தடுப்புப் பிரிவை நடத்தியவர் கிர்பி ஸ்மார்ட். 2021இல் ஜார்ஜியாவின் தலைமைப் பயிற்சியாளரும் அதே கிர்பி ஸ்மார்ட்தான். என் மகனும் மாப்பிள்ளையும் சண்டை போடுவது ஒரே எஞ்சினியர் வரைந்த இரண்டு பாலங்களுக்காக! அவரே பத்து ஆண்டு கழித்து, மைதானத்தின் அகலம் முழுவதும் ஆட்களைப் பரப்பிப் பந்தை எறியும் புதிய வகை ஆட்டத்துக்கு ஏற்ப, கனத்தோடு வேகமும் உள்ளவர்களைத் தேடிச் சேர்த்துத் தம் வரைபடத்தைத் திருத்திக்கொண்டார். அந்த அணியின் ஐந்து தடுப்பாட்டக்காரர்கள், 2022இல் தொழில்முறை அணிகள் ஆள் எடுத்தபோது முதல் சுற்றிலேயே போனார்கள். அவர்களில் டிராவன் வாக்கர் நாட்டிலேயே முதல் ஆள். 2011 அலபாமாவிலிருந்து முதல் சுற்றில் போன தடுப்பாட்டக்காரர்கள் மூவர்.

ஆகவே என் தீர்ப்பு: எண்ணில் முதலிடம் டென்னஸிக்கு, நான்கு கணக்கிலும் ஒழுங்கான ஆட்டத்துக்கு 2011 அலபாமா, தலைசிறந்த தடுப்பு எது என்று கேட்டால் 2021 ஜார்ஜியா. தன் காலத்தின் மிகக் கனமான எஞ்சின் ஏறியபோது ஒரு தடவை விரிசல் கண்டது. ஐந்து வாரத்தில் விரிசல் எங்கே என்று கண்டுபிடித்துச் சரிசெய்தது. அதே எஞ்சினை மறுபடி ஏற்றித் தாங்கிக் காட்டியது. விரிசலே காணாத கேர்டரில் பல, அவ்வளவு கனமான வண்டியையே பார்க்காதவை.

"தோற்ற அணியை எப்படி முதல் என்பீர்கள்?" என்று கேட்கலாம். 2011 அலபாமாவும் ஓர் ஆட்டத்தில் தோற்ற அணிதான். 1939 டென்னஸியும் அப்படியே. மூவரும் ஒரு தடவை தோற்றவர்கள். யாரிடம், எப்படி, அதன்பின் என்ன செய்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

ஓர் ஆட்டத்தின் 41ஐ மட்டும் பார்த்து, இருபது இருபத்திரண்டு வயதுப் பையன்களின் மற்ற பதினான்கு ஆட்டங்களையும் தள்ளிவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. இந்தப் பழக்கம் நம் வீடுகளிலும் இருக்கிறது. மார்க் பட்டியல் வந்தவுடன் சராசரியைப் பார்க்கிறோம். எந்தப் பாடத்தில் குறைந்ததோ அங்கேயே விரலை வைக்கிறோம். புதிய ஊர், தெரியாத இந்தி, மூன்றாவது பள்ளிக்கூடம் என்று மாற்றல் ஆகி ஆகி வந்த குழந்தையின் 70ஐயும், ஒரே ஊரில் ஒரே பள்ளியில் படித்த குழந்தையின் 80ஐயும் பக்கத்தில் வைத்துப் பேசுகிறோம். மாற்றல் வேலையில் இருக்கும் நம்மவர்கள் அடுத்த பட்டியலில் கையெழுத்துப் போடும்போது, அந்தப் பிள்ளைமேல் எந்த எஞ்சின் ஏறியது என்றும், குறைந்த பாடத்தில் அடுத்த பரீட்சைக்குள் என்ன செய்தான் என்றும் கேட்டுவிட்டுப் போடலாம்.

மாப்பிள்ளை இதைப் படித்துவிட்டு நிச்சயம் மறுப்பு எழுதுவார். அலபாமாவுக்காக வாதாட வேறு அன்பர்கள் இருந்தாலும் எழுதலாம். ஆசிரியர் இடம் தந்தால் அடுத்த இதழில் பதில் சொல்லக் காத்திருக்கிறேன்.