கலைக்கூடத்தின் படியேறத் தயக்கம் ஏன்?

மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் 2015ஆம் ஆண்டு முதல் வங்கிகளுக்கு விடுமுறை நாட்கள். நம் வாடிக்கையாளர் பலருக்கும் வார இறுதி ஓய்வுண்டு. அந்நாட்களில் குடும்பத்துடன் நகருக்குச் செல்வோர் பெரும்பாலும் நாடுவது வணிக வளாகத்தையும் திரையரங்கையுமே. அதில் குறை காண நாம் முற்படவில்லை. ஆயினும் அதே நகரில் உள்ள அருங்காட்சியகங்களையும் கலைக்கூடங்களையும் வெளியிலிருந்தே பார்த்துவிட்டுப் போவோர் மிகுதி. இதற்குக் காரணம் நேரமின்மையோ கட்டணமோ அன்று. ‘ஓவியத்தைப் பற்றி நமக்கென்ன தெரியும்?’ என்னும் கூச்சமே என்பது நம் கருத்து.

இக்கூச்சம் வங்கித் துறையினர் நன்கறிந்த ஒன்று. 1969இல் 14 வங்கிகள் நாட்டுடைமையாகும் வரை, வங்கி என்பது வணிகர்க்கும் செல்வர்க்கும் உரிய இடம் என்றே எளிய மக்கள் பலர் எண்ணியிருந்தனர். கிராமக் கிளைகளில் முதன்முறை வருவோர் செருப்பை வாயிலிலேயே கழற்றிவிட்டு வந்ததை மூத்த அலுவலர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பொருளாதாரம் படித்த பின் அவர்கள் துணிவு பெறவில்லை. வந்து வந்து பழகினர், அவ்வளவே.

ஐதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில், மணிக்கொருமுறை சிறு பொம்மை வெளிவந்து மணியடிக்கும் கடிகாரம் ஒன்று உண்டு. அதன் முன் பெருங்கூட்டம் ஆவலுடன் காத்திருக்கும். கடிகார நுட்பம் தெரியாதே என்று அங்கே எவரும் தயங்குவதில்லை. ஓவியத்தின் முன் மட்டும் ஏன் தேர்வெழுத வந்தவர் போல் நிற்க வேண்டும்?

மும்பையை எடுத்துக்கொள்வோம். தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் காலா கோடா தொலைவன்று. சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்தில் இறங்கினால் நடந்தே சென்றுவிடலாம். அங்குள்ள ஜஹாங்கீர் கலைக்கூடம், சர் கோவாஸ்ஜி ஜஹாங்கீர் தம் மறைந்த மகனின் நினைவாக அளித்த கொடையால் 1952இல் உருவானது. நுழைவுக் கட்டணம் கிடையாது. ஓவியர்கள் வாடகைக்கு எடுத்துத் தம் படைப்புகளைக் காட்சிக்கு வைக்கும் கூடம் என்பதால், படைத்தவரே பெரும்பாலும் ஒரு மூலையில் நாற்காலியிட்டு அமர்ந்திருப்பார். எவரேனும் வந்து பேசமாட்டாரா என்று காத்திருப்பவர் அவர். இதை எப்படி வரைந்தீர்கள், எத்தனை நாள் ஆயிற்று, ஏன் இந்த நீலம் என்று குழந்தைகள் கேட்கும் கேள்விகள்கூட அவருக்கு மகிழ்ச்சியே தரும். வாங்கியாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. விலைப்பட்டியலைப் பார்த்துத் திகைப்பதும் குற்றமன்று; கணக்குப் பார்த்தே பழகிய நம் கண்கள் முதலில் அங்குதான் செல்கின்றன.

அருகிலேயே சத்ரபதி சிவாஜி மகாராஜ் வாஸ்து சங்கிரகாலயம். 1905இல் அடிக்கல் நாட்டப்பெற்று, முதல் உலகப் போர்க்காலத்தில் இராணுவ மருத்துவமனையாகப் பயன்பட்டு, 1922இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பெற்ற மாளிகை அது. சர் ரத்தன் டாட்டா, சர் தோராப் டாட்டா ஆகியோர் தமக்கெனச் சேர்த்த கலைப்பொருள்கள் இன்று அங்கே பொதுமக்களுக்கு உரியனவாக உள்ளன. சிந்துப் பகுதியின் மீர்ப்பூர் காஸ் தூபியிலிருந்து கிடைத்த சுடுமண் சிற்பங்களை நாம் தனியே பரிந்துரைப்போம். மண்ணைக் குழைத்துச் சுட்டு, முகத்தில் இத்தனை அமைதியைக் கொண்டுவந்தவர்களின் பெயர் எங்கும் இல்லை. எல்லாக் கூடங்களையும் ஒரே நாளில் சுற்றி முடிக்க முயல்வோர் கால்வலியுடன் மட்டுமே திரும்புவர். இரண்டு கூடங்கள் போதும். பிடித்த ஒன்றின் முன் பத்து நிமிடம் நின்றால் போதும்.

சாலையைக் கடந்தால் 1996இல் தொடங்கிய தேசிய நவீனக் கலைக்கூடம். இங்கே பிடிக்காத ஓவியங்களும் இருக்கும். பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமை பார்வையாளர் அனைவர்க்கும் உண்டு.

கூச்சத்துக்கு மக்களை மட்டுமே பொறுப்பாக்குதல் நியாயமாகாது. பல கூடங்களில் விளக்கக் குறிப்புகள் கலைக்கல்லூரி மாணவர்க்கென்றே எழுதப்பட்டவை போல் உள்ளன. வங்கிப் படிவங்கள் வட்டார மொழிகளில் வந்த பின்னரே பலரும் தாமே நிரப்பத் தொடங்கினர்; அருங்காட்சியகக் குறிப்புகளும் அவ்வாறு எளிய இந்திய மொழிகளில் வர வேண்டும். முதியோர் அமர இருக்கைகள் வேண்டும். பார்வையாளர் கேட்டால்தான் இவை நிறைவேறும். கேட்பதற்கு முதலில் உள்ளே செல்ல வேண்டும்.

மும்பையில் அல்லாதோர்க்கும் வாய்ப்புகள் உண்டு. கொல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகம் 1814இல் தோன்றியது. தில்லியின் தேசிய நவீனக் கலைக்கூடம் 1954 முதல் இயங்குகிறது. அருங்காட்சியகங்கள் பலவற்றுக்குத் திங்கட்கிழமை விடுமுறை ஆதலின், சனியும் ஞாயிறுமே ஏற்ற நாட்கள். ஜஹாங்கீர் கலைக்கூடத்துக்குச் செல்வோர், வெளியே நடைபாதையில் படங்களை மாட்டிவைத்து அமர்ந்திருக்கும் ஓவியர்களையும் தவறாது பார்த்து வரலாம். எதிரே அமர்ந்தால் நம் முகத்தையும் வரைந்து கொடுப்பார்கள்.