‘கவனக்குறைவு’ன்னு எழுதப் போறது நாமதான்

கட்டைவிரல் போனா 30. ஆள்காட்டி விரல் 14. நடுவிரல் 12. மோதிரவிரலும் சுண்டுவிரலும் தலா 7.

இது இன்டர்னல் மார்க் இல்லை. இ.எஸ்.ஐ. கணக்கில் வர்ற சதவீதங்கள். வேலை செய்யும்போது ஒரு விரலை முழுசா இழந்த தொழிலாளியோட சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு சட்டம் இப்படித்தான் கணக்குப் போடுது.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர், கோயம்புத்தூர்னு நாம இண்டஸ்ட்ரியல் விசிட் போற பக்கமெல்லாம், பெரிய கம்பெனிகளைச் சுற்றி உதிரிபாகம் செய்யும் சின்னச் சின்ன பட்டறைகள் இருக்கு. அங்கே பிரஸ் மெஷின் முன்னால் நிற்கிறவர்களில் பலர் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அஸ்ஸாம் பையன்கள். நம்ம வயசுதான். வேலைக்குக் கூட்டி வந்தது கான்ட்ராக்டர்.

2014 ஜூன் 28-ஆம் தேதி சென்னை மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் இடிஞ்சு 61 பேர் இறந்தாங்க. ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் அதில் நிறைய. அந்தப் பேரு நமக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. ஆனா ஒரு விரல் போனா அது செய்தி ஆகாது. அது ஒரு படிவத்தோட முடிஞ்சிடும்.

நான் பேச வந்தது அந்தப் படிவத்தைப் பற்றித்தான். விபத்து நடந்தா ‘காரணம் என்ன?’ன்னு ஒரு கட்டம் நிரப்பணும். நிரப்புறது யார்? ஷிஃப்ட் இன்ஜினியர், சூப்பர்வைசர், புதுசா சேர்ந்த டிரெய்னி. அதாவது இன்னும் ரெண்டு வருஷத்தில் நாம. அந்தக் கட்டத்துக்குள் ரொம்ப வசதியா உட்காரும் வார்த்தை ஒண்ணு இருக்கு: ‘தொழிலாளியின் கவனக்குறைவு’. மெஷினை மாத்த வேண்டாம், செலவு இல்லை, யாரும் பதில் சொல்ல வேண்டாம்.

இண்டஸ்ட்ரியல் சேஃப்டி எலெக்டிவ் எடுத்தவங்களுக்கு ஹைன்ரிக் பேரு தெரியும். 1931-ல் அவர் எழுதிய புத்தகத்தில் 88 சதவீத விபத்துகளுக்குக் காரணம் தொழிலாளியின் பாதுகாப்பற்ற செயல்னு சொன்னார். இன்னைக்கும் அந்த எண்ணைப் பல பயிற்சி வகுப்புகளில் ஸ்லைடா போடுறாங்க. ஆனா அவருக்கு அந்தத் தகவல் எங்கிருந்து வந்தது? இன்சூரன்ஸ் கோப்புகளிலிருந்தும் ஆலை நிர்வாகங்கள் வைத்திருந்த பதிவுகளிலிருந்தும். அடிபட்டவனைக் கேட்டு எழுதினது இல்லை. மேலே இருக்கிறவங்க ‘இவன் தப்பு’ன்னு எழுதினதைக் கூட்டினா, ‘இவங்க தப்பு’ன்னுதான் விடை வரும். இன்புட் எப்படியோ அவுட்புட் அப்படி.

பிரஸ் மெஷினையே எடுத்துக்குவோம். பாதுகாப்பான மெஷினில் ரெண்டு கையாலும் ரெண்டு பட்டனை ஒரே நேரத்தில் அழுத்தினாத்தான் ராம் கீழே இறங்கும். கை டைக்குள்ளே இருக்க வாய்ப்பே இல்லை. இல்லேன்னா லைட் கர்ட்டன் இருக்கும். ஒளித்திரையை விரல் தொட்டதும் மெஷின் நிற்கும். இதெல்லாம் ராக்கெட் சயின்ஸ் இல்லை, நம்ம மெகாட்ரானிக்ஸ் லேபில் ஒரு செமஸ்டர் ப்ராஜெக்ட் அளவு விஷயம்.

‘அவங்களே ஒரு பட்டன்ல டேப் ஒட்டி வச்சுடுறாங்க பாஸ், அப்புறம் மெஷினைக் குறை சொல்லி என்ன பண்ண?’ன்னு கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒட்டுறது உண்டு. ஆனா எதுக்கு ஒட்டுறாங்க? ஷிஃப்டுக்கு இத்தனை பீஸ்னு டார்கெட். ரெண்டு பட்டன்னா அந்த எண்ணிக்கை வராது. வரலைன்னா நாளைக்கு அந்த இடத்தில் வேற ஆள். டேப் ஒட்டினது அந்தப் பையன். ஒட்ட வச்சது டார்கெட். டேப் ஒட்டினாலும் ஓடுற மாதிரி கன்ட்ரோல் சர்க்யூட் போட்டது ஒரு இன்ஜினியர். ரெண்டு பட்டனும் ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் விடுபட்டு, மறுபடி சேர்ந்து அழுத்தப்பட்டாத்தான் ஓடணும்னு லாஜிக் எழுதியிருந்தா டேப் வேலை செய்யாது.

ஆபத்தை அடியோட நீக்கு, முடியலைன்னா மாற்று வழி பார், அப்புறம் மெஷினில் தடுப்பு வை, அதுக்கப்புறம் விதிமுறை, கடைசியா கையுறை, ஹெல்மெட். இந்த வரிசையைத் தேர்வில் எழுதி மார்க் வாங்குறோம். தளத்தில் போய் அப்படியே தலைகீழா மாத்திடுறோம். கையுறையும், சுவரில் ஒட்டின தமிழ்–இங்கிலீஷ் போர்டும் போதும்னு விட்டுடுறோம். அதைப் படிக்கத் தெரியாதவன்தான் மெஷின் முன்னால் நிற்கிறான்.

அடிபட்ட பிறகு நடக்கிறது இன்னும் மோசம். தையல் போட்டு ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினதோட சிகிச்சை முடிஞ்சதுன்னு நினைக்கிறோம். கையில் அறுந்த தசைநாணைத் தைத்த பிறகு, வாரக்கணக்கில் பிசியோதெரபி வேணும். சரியான நேரத்தில் சரியான அளவுக்கு அசைக்கலைன்னா மூட்டு இறுகிடும்; விரல் இருந்தும் பிடிக்க வராது. அந்த வாரங்களில் தங்க இடம் வேணும், சாப்பாடு வேணும், டாக்டர் சொல்றது புரியணும். கான்ட்ராக்டர் கொடுத்த ரூமில் வேலை செய்யாதவனுக்கு இடமில்லை. கையில் கொஞ்சம் பணம், ஒரு ரயில் டிக்கெட். அப்புறம் யார் கேட்டாலும் ஒரே பதில்: ‘ஆள் ஊருக்குப் போயிட்டான் சார்.’

இத்தனைக்கும் சட்டத்தில் இடம் இருக்கு. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குறவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. நிறுவனம் 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம் கட்டணும். வேலைக் காயத்துக்கு ‘இத்தனை மாசம் கட்டியிருக்கணும்’ங்கிற நிபந்தனை கிடையாது, சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு. தினக்கூலி 500 ரூபாய்னு வச்சுக்குவோம். குணமாகும் வரைக்கும் அதில் 90 சதவீதம், நாளைக்கு 450 ரூபாய் வரும். ஆள்காட்டி விரல் நிரந்தரமா போயிடுச்சுன்னா அந்த 450-ல் 14 சதவீதம், 63 ரூபாய். மாசத்துக்கு 1,890 ரூபாய், ஆயுள் முழுக்க. பெரிய தொகை இல்லை. ஆனா ஊரில் ஒரு வீட்டு ரேஷனும் மளிகையும் ஓரளவு ஓடும்.

அந்தப் பணம் வர மூணு விஷயம் வேணும். அவர் பேரு இ.எஸ்.ஐ.யில் இருக்கணும், விபத்து அறிக்கை போயிருக்கணும், மருத்துவக் குழு முன்னால் அவர் நிற்கணும். ரயில் ஏத்தி அனுப்பினா மூணாவது போச்சு. அறிக்கை எழுதலைன்னா ரெண்டாவது போச்சு. முதலாவதிலேயே கோளாறு நடக்குது: ஹரியானாவின் வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளில் விரல் இழந்தவர்களைப் பற்றி ‘சேஃப் இன் இந்தியா’ அமைப்பு 2019-லிருந்து ‘க்ரஷ்ட்’ங்கிற பேரில் அறிக்கைகள் வெளியிடுது. இ.எஸ்.ஐ. அட்டையே விபத்துக்கு அப்புறம்தான் பலர் கைக்கு வருதுன்னு அவை திரும்பத் திரும்பச் சொல்லுது.

இங்கே நம்ம பக்கம் திரும்பிப் பார்க்கணும். ‘வடக்கன்’னு மீம் போட்டுச் சிரிக்கிறோம். நம்ம மாமா, சித்தப்பா, பக்கத்துத் தெரு அண்ணன் சிங்கப்பூரில் கன்ஸ்ட்ரக்‌ஷன் வேலைக்குப் போனா, அந்த ஊர்க்காரங்களுக்கு நாமதான் வெளியூர் ஆள். அங்கே 2020 செப்டம்பரிலிருந்து ஒரு விதி இருக்கு: வேலைக் காயத்துக்காக டாக்டர் ஒரே ஒரு நாள் லீவோ, லைட் டியூட்டியோ எழுதிக் கொடுத்தாலும் முதலாளி அரசுக்குத் தெரிவிச்சாகணும். நம்ம ஆளுக்கு அங்கே அது கிடைக்கலைன்னா நமக்குக் கோபம் வரும். வரணும். அதே கோபம் ஒரகடத்தில் நிற்கிற பீகார் பையனுக்காக வரலைன்னா, அதை நியாயம்னு சொல்ல முடியாது. ஊர்ப்பாசம்னு வேணா சொல்லிக்கலாம்.

நாம என்ன செய்யலாம்? இன்டர்ன்ஷிப் போற இடத்தில் ஒரு மெஷினின் கார்டு கழட்டி வச்சிருந்தா, ரிப்போர்ட்டில் எழுதலாம். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தேடுறவங்க, பழைய பிரஸ்ஸுக்குக் குறைஞ்ச செலவில் பொருத்தக்கூடிய சென்சார் பண்ணலாம். கேம்பஸில் கட்டிட வேலை நடந்தா, அங்கே இருக்கிறவங்களுக்கு இ.எஸ்.ஐ. நம்பர் இருக்கான்னு கேட்கலாம். இந்தி தெரிஞ்ச நண்பன் எல்லா ஹாஸ்டலிலும் ஒருத்தன் இருப்பான்; அவனைக் கூட்டிட்டுப் போகலாம்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு, முதல் விபத்துப் படிவம் நம்ம மேஜைக்கு வரும். ‘சீக்கிரம் எழுதிக் குடுப்பா’ன்னு மேலே இருக்கிறவர் சொல்வார். அப்போ மெஷின்கிட்டே போய்ப் பாருங்க. கார்டு இருந்ததா, சென்சார் ஓடினதா, எத்தனை மணி நேரமா நின்னுக்கிட்டிருந்தார், யார் அவருக்கு எந்த மொழியில் சொல்லிக் கொடுத்தாங்கன்னு கேளுங்க. ஆஸ்பத்திரிக்குப் போய் அவரையும் கேளுங்க. அப்புறம் அந்தக் கட்டத்தை நிரப்புங்க.